லாமிங்டன் சாலையும் எங்கள் வீட்டுப் பட்டறை மேசையும்

மும்பைத் தமிழருக்கு மாதுங்காக் கடைத்தெரு தெரிந்த அளவிற்குக் கிராண்ட் ரோடு தெரியாது. வாழையிலை, வெற்றிலை, புதிதாய் அரைத்த காப்பிப்பொடி ஆகியவை வேண்டுவோர்க்கு மாதுங்காவே போதும். துணிமணி வேண்டுவோர் தாதருக்குச் சென்று திரும்புவர். மாதுங்கா ரோடு நிலையத்தில் சர்ச்கேட் செல்லும் மெது வண்டி ஏறினால், தாதர், பிரபாதேவி, லோயர் பரேல், மகாலட்சுமி, மும்பை சென்ட்ரல் ஆகியவற்றைக் கடந்து ஆறாவது நிலையமாக வருவது கிராண்ட் ரோடு. (பிரபாதேவியை எல்பின்ஸ்டன் ரோடு என்றே இன்னும் கூறும் முதியோர் நம்மிடையே பலர். பெயர் மாறியது 2018-ஆம் ஆண்டில்தானே!) அந்நிலையத்தில் நாங்கள் இறங்கியது இந்நகருக்கு வந்த இத்தனை ஆண்டுகளில் அதுவே முதன்முறை.

1835 முதல் 1838 வரை பம்பாய் மாகாணத்தின் ஆளுநராயிருந்த ராபர்ட் கிராண்ட் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்பது அந்நிலையம். அதன் கிழக்குப் பக்கமாக வெளிவந்து சிறிது தொலைவு நடந்தால் குறுக்கே ஒரு பெருஞ்சாலை ஓடுகிறது. அதன் பெயரும் ஆளுநர் ஒருவரால் வந்ததே. 1903 முதல் 1907 வரை இம்மாகாணத்தை ஆண்ட லாமிங்டன் பிரபுவின் நினைவாக அது லாமிங்டன் சாலை ஆயிற்று. இப்போதைய அதிகாரப்பூர்வமான பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது. டாக்ஸி ஓட்டுநரிடம் அப்பெயரைக் கூறிப் பாருங்கள்; சற்று யோசித்துவிட்டு, "லாமிங்டன் ரோடுதானே?" என்று அவரே திருப்பிக் கேட்பார்.

சினிமாப் பிரியர்களுக்கு இச்சாலை வேறு வகையில் பழக்கம். 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் வெளிவந்த 'ஷோலே' என்னும் இந்திப் படம் ஐந்தாண்டுக் காலம் ஓடிய மினர்வா திரையரங்கு இச்சாலையில்தான் இருந்தது. ஆனால் எங்களுடைய நாட்டம் வேறு. வானொலிப் பெட்டி, ஒலிபெருக்கி, தொலைக்காட்சி, கணிப்பொறி, கைப்பேசி எனக் காலத்திற்குக் காலம் சரக்கு மாறினாலும், கம்பியும் மின்சாரமும் சேர்ந்து செய்யும் தொழிலுக்கு வேண்டிய பொருள்கள் மும்பையில் குவியும் இடம் இது.

இப்பகுதிக்கும் வானொலிக்கும் உள்ள உறவு பழையது, பெருமைக்குரியதும்கூட. 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் 1942 ஆகஸ்டில் முழங்கிய கோவாலியா டாங்க் மைதானம் இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. தலைவர்கள் அனைவரும் சிறைப்பட்ட அந்த நாள்களில், உஷா மேத்தா என்னும் இருபத்திரண்டு வயது மாணவி தோழர் சிலருடன் சேர்ந்து, 42.34 மீட்டர் அலையில் காங்கிரஸ் வானொலியை இரகசியமாக நடத்தினார். போலீசாரின் கண்ணில் படாமலிருக்க ஒலிபரப்புக் கருவியை வீட்டுக்கு வீடு மாற்றிக்கொண்டே இருந்தனர். கருவிகள் தந்து உதவியோருள் சிக்காகோ ரேடியோ நிறுவனத்தின் நானிக் மோட்வானேயும் ஒருவர். நவம்பர் 12-ஆம் நாள் கிர்காமில் அவர்கள் பிடிபட்டனர். உஷா மேத்தா நான்காண்டு சிறை பெற்றார். வீட்டு அறை ஒன்றில், கைக்குக் கிடைத்த பாகங்களைக் கொண்டு கருவி இணைக்கும் கலை இந்நகருக்குப் புதிதன்று என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

இனி, நாங்கள் அங்குச் சென்ற காரணத்திற்கு வருவோம். எங்கள் இளைய மகள் மின்னணுவியலில் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். கல்லூரிச் சோதனைச்சாலையில் கிடைக்கும் நேரம் அவளுக்குப் போதவில்லை. வீட்டில் பணிமேசை ஒன்று வேண்டும் என்றாள். மும்பையில் 'ஒரு மேசை வேண்டும்' என்பது சாதாரண விண்ணப்பமா? இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டில் மூன்று அடி இடம் என்பது ஊரில் ஒரு காணி நிலத்துக்குச் சமம். உணவு மேசையில் வைத்துக்கொண்டால் என்ன என்று முதலில் பேச்சு வந்தது. எங்களுள் சமையலறைக்குப் பொறுப்பானவர் அதனை ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். அவர் மறுத்தது நியாயமே. மின் இணைப்புகளைப் பற்றவைக்கும் கம்பியில் ஈயம் கலந்திருக்கிறது. மூத்த மகளின் குழந்தை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். சிறு குழந்தையின் உடலில் ஈயம் சேர்வதற்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உண்ணும் இடமும் ஈயம் உருக்கும் இடமும் ஒன்றாக இருத்தல் ஆகாது.

ஆகவே, கண்ணாடிச் சன்னல் இட்டு அடைத்த பால்கனிக்கு எங்கள் பார்வை திரும்பிற்று. ஏழடி நீளம், மூன்றரை அடி அகலம். துணி உலர்த்தும் கொடியும், வேண்டாத பெட்டிகளும், ஒரு துளசித் தொட்டியும் அங்கே குடியிருந்தன. துளசியைச் சன்னல் கம்பிக்கு வெளியே ஏற்றினோம். பெட்டிகளைக் காலி செய்தோம். கொடிக்கு மட்டும் சலுகை தந்தோம். மழைக்காலத்தில் அதனை விரட்டினால் வீட்டில் நடமாட முடியாது.

வழித்துணையாக இல்லத்தரசியாரின் தமையனார் வந்தார். சயானில் முப்பது ஆண்டுகள் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்து, இப்போது ஓய்வாக இருப்பவர். கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கியதும் அவர் எங்கள் மகளிடம், "முதல் சுற்றில் பையைத் திறக்கக் கூடாது அம்மா. கண்ணை மட்டும் திறந்து வை" என்றார். அவள் கையில் அவளுக்கென நாங்கள் ஒதுக்கிய தொகை இருந்தது. பெரிய தொகையன்று. ஆனால் எங்களைப் போன்றோர் வீட்டில் அது மறுபடி எளிதில் சேரக்கூடியதும் அன்று.

சாலையோரத்துக் கடைகளைப் பார்த்து மலைத்துவிடக் கூடாது. அங்குக் காண்பனவெல்லாம் கைப்பேசி உறைகளும் கண்காணிப்புக் கேமராக்களும் கணிப்பொறிப் பாகங்களுமே. பட்டறைக்கு வேண்டிய சரக்கு பக்கத்துச் சந்துகளிலும், இருண்ட மாடிப்படிகளுக்கு மேலேயும் இருக்கிறது. கடை என்றால் நுழைந்து உட்காரும் கடையன்று. ஒரு மேடை, அதன் பின்னே ஓர் ஆள், அவருக்குப் பின்னே கூரைவரை சிறு சிறு இழுப்பறைகள், அவ்வளவே. பெயர் சொல்லிக் கேட்போரைவிட எண் சொல்லிக் கேட்போர்க்கே அங்கு மதிப்பு. "பி.சி. 547 பத்து, 1என் 4007 இருபது, 7805 ஐந்து" என்று எங்கள் மகள் கூற, அக்கடைக்காரர் திரும்பியும் பாராமல் கையைப் பின்னே நீட்டி இழுப்பறைகளைத் திறந்தது கண்கொள்ளாக் காட்சி. சாமவேதம் ஓதுபவர் அடுத்த அடியைத் தேட வேண்டுமா? எங்கள் இந்தி இவ்வளவு ஆண்டுகளாகியும் காய்கறி இந்தியே. அங்கோ எண்கள்தாம் மொழி. எவர்க்கும் இடர்ப்பாடு இல்லை.

ரெஸிஸ்டர் வாங்கிய கதையைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். மின்னோட்டத்தைத் தடுத்து அளவுபடுத்தும் இந்தச் சிறு உருளைகளில் எண்ணற்ற மதிப்புகள் இருப்பதாக எண்ணிப் புதியவர் கலங்குவர். உண்மையில் பொது வழக்கிலுள்ள வரிசை பன்னிரண்டே எண்களால் ஆனது: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெரிது. நூற்றுக்குப் பத்து முன்பின்னாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றின் எல்லை முடியும் இடத்தை ஒட்டியே அடுத்தது தொடங்கிவிடுகிறது, இடையில் வெற்றிடம் அநேகமாக இல்லை. எங்கள் சங்கீத மேடையின் பன்னிரண்டு சுரத்தானங்களை இது நினைவூட்டிற்று. 10 ஓம் முதல் 820 கிலோ ஓம் வரை ஐந்து தானங்களில் இவ்வரிசையை எடுத்தால் அறுபது மதிப்புகள். கால் வாட் அளவில் மதிப்புக்குப் பத்து வீதம் வாங்கினால் அறுநூறு உருளைகள். ஒரு பையில் அடங்கிவிட்டன. விலையும் நாங்கள் அஞ்சிய அளவிற்கு இல்லை. பல்லாண்டு பயன்படும் சொத்து இது. கெபாசிடர்களில் இவ்வளவு தாராளம் வேண்டாம் என்றார் மாமா. மின்பகு கெபாசிடர்கள் கிடப்பிலேயே நாளடைவில் கெடுவன. ஆதலால் பத்து நூறு ஆயிரம் மைக்ரோஃபாரட் போன்ற சில அளவுகளில் சிலவே போதும், தீர்ந்தபோது வாங்கிக்கொள்ளலாம்.

'ஐ.சி.' எனப்படும் சில்லுகளில் மட்டும் அவர் எச்சரிக்கையாயிருந்தார். பழைய பலகையிலிருந்து பிடுங்கி, மேற்பரப்பைத் தேய்த்து, புதிய எண் அச்சிட்ட சரக்கு எல்லா ஊர்ச் சந்தைகளிலும் உலவுகிறது. எழுத்து புத்தம் புதிதாயிருந்து, கால்களில் பழைய ஈயத்தின் தடம் தெரிந்தால் நகர்ந்துவிட வேண்டுமாம். விலை மிக மலிவாயிருப்பதும் ஓர் அறிகுறியே.

அடுத்தது சால்டரிங் அயர்ன். நம் தட்டார்கள் பொன்னில் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தனர்; 'பொடி வைத்துப் பேசுதல்' என்ற வழக்கும் அங்கிருந்து வந்ததென்பர். இங்கு ஊதுகுழலுக்குப் பதில் மின்சாரக் கோல். இந்தியாவில் செய்யப்படும் 25 வாட் கோலைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்ப்போர் வேலை செய்துவந்துள்ளனர். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் நிலையமே இக்காலத்துக்கு ஏற்றது. கோலின் நுனி 320 முதல் 350 பாகை வரை நிலையாக நின்றால் பலகையும் தப்பும், நுனியும் நீடிக்கும். வெள்ளீயம் 63, ஈயம் 37 பங்கு கலந்த கம்பி 183 பாகையில் உருகிச் சட்டென உறைகிறது. பழகுவோர்க்கு அதுவே எளிது. ஈயமில்லாக் கம்பியும் உண்டு. அது ஏறத்தாழ 217 பாகையில்தான் உருகும். அதற்குக் கை தேர்ந்திருக்க வேண்டும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் எதைத் தேர்வது? எங்களுக்குள் நடைபாதையிலேயே விவாதம் நடந்தது. முடிவில் ஈயமில்லாக் கம்பியையே வாங்கினோம். "கை பழகக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், ஆகட்டுமே" என்றாள் மகள். மாமாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாய் திறவாமல் கம்பியின் விட்டத்தை மட்டும் பார்த்து, முக்கால் மில்லிமீட்டர் அளவினதை எடுத்துத் தந்தார்.

மாமா அப்போது கூறிய மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. பற்றவைக்கும்போது எழும் புகை ஈயத்தின் ஆவியன்று. அவ்வெப்பத்தில் ஈயம் ஆவியாவதில்லை. கம்பியினுள்ளே இருக்கும் பைன் மரப்பிசினே புகைகிறது. அப்புகை நாளடைவில் ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. எனவே பழைய கணிப்பொறி ஒன்றிலிருந்து எடுத்த விசிறி, முகத்திலிருந்து புகையைச் சன்னல்பக்கம் இழுக்கும்படி வைக்கப்பட வேண்டும். ஈயம் உடலுக்குள் செல்லும் வழி கையிலிருந்து வாய்க்கே. ஈயமுள்ள பழைய பலகைகளைத் தொடுவது தவிர்க்க முடியாதாகையால், வேலை முடித்தவுடன் சோப்பிட்டுக் கை கழுவுதல் விலக்கில்லாத விதி. மேசையில் தேநீர்க் கோப்பைக்கும் இடமில்லை.

மாடிக் கடை ஒன்றில்தான் சோதனை வந்தது. பழைய கருவிகள் விற்கும் அக்கடையின் மூலையில் ஓர் ஆஸிலாஸ்கோப் பச்சைக் கோடு வரைந்துகொண்டிருந்தது. மின்னோட்டத்தின் அலையைக் கண்ணுக்குக் காட்டும் கருவி. இத்துறையில் பயில்வோர்க்கு அது கண் போன்றது. 20 மெகாஹெர்ட்ஸ் வரை காட்டும் பழைய குழல் வகை. விலையோ எங்கள் தொகையில் பாதிக்கு மேல். மகளின் கண் அதைவிட்டு அகலவில்லை.

"மாமா, இதை விட்டால் இந்த விலைக்கு மறுபடி கிடைக்காது."

"கிடைக்காமல் போகாது. இதன் மூக்கைப் பார்த்தாயா? இதன் கிளிப் நேராக எர்த்தோடு சேர்ந்தது. உங்கள் பால்கனியில் எர்த் உண்டா?"

"மூன்று துளைப் பிளக்குதானே மாமா இருக்கிறது?"

"துளை மூன்று இருக்கலாம் அம்மா. கம்பி எத்தனை என்று பார்த்தாயா?"

அதற்கு எங்களில் எவரிடமும் விடையில்லை. ஆஸிலாஸ்கோப்பை விட்டுவிட்டு, மல்டிமீட்டர் மட்டும் வாங்கினோம். அதிலும் மலிவான மஞ்சள் பெட்டியை அவர் தள்ளிவிட்டார். உள்ளே பீங்கான் உருகி உள்ளதும், 'கேட் மூன்று, 600 வோல்ட்' எனக் குறித்ததும்தான் வீட்டு மின்சாரத்தைத் தொடும் கைக்கு ஏற்றவை. திரும்பும் வண்டியில் மகள் அதிகம் பேசவில்லை.

அன்று மாலையே மெயினை அணைத்து, பால்கனிப் பிளக்குப் பலகையைக் கழற்றினார் மாமா. உள்ளே வந்தவை இரண்டே கம்பிகள். மூன்றாவது துளைக்குரிய திருகிலிருந்து ஒரு சிறு துண்டுக் கம்பி நியூட்ரல் திருகிற்கு இணைக்கப்பட்டிருந்தது! எங்களுக்கு முன் அவ்வீட்டிலிருந்தோர் காலத்தில் எவரோ செய்த வேலை. சோதிப்பவருக்கு எர்த் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால், அப்பிளக்கில் பொருத்திய கருவியின் உலோக உடம்பு முழுவதும் 230 வோல்ட் மின்சாரம் ஏறி நிற்கும். எங்கள் சலவை யந்திரம் அதுவரை அந்தப் பிளக்கில்தான் ஓடிற்று. மாமா அத்துண்டுக் கம்பியை வெட்டியெடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு அங்குலம் இருக்கும். அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு, "ஸ்கோப் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம் அப்பா" என்றாள்.

பழைய கட்டடங்களில் வசிக்கும் அன்பர்கள் இதனைத் தம் வீட்டிலும் பார்ப்பித்தல் நலம். தாமே கழற்ற வேண்டா. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் செய்க. எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்து மீட்டர் அறைவரை எர்த் வந்திருந்தது. மாடி வீடுகளுக்குத்தான் ஏறவில்லை. அங்கிருந்து பச்சைக் கம்பி கொண்டுவர வீட்டுவசதிச் சங்கச் செயலாளரின் அனுமதி வேண்டியிருந்தது. அவருடைய வீட்டிலும் அதே நிலை என்று பணியாளர் கண்டு சொன்ன பிறகு அனுமதி விரைவாகவே கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி புறப்பட்டோம்; இம்முறை லாமிங்டன் சாலைக்கன்று. கம்பி, சுவிட்சு, பிளக்கு ஆகியவற்றுக்கு மும்பையில் லோகார் சால் என்றோர் இடம் உண்டு. கிராபோர்டு மார்க்கெட்டுக்கு அருகே. அதற்குப் பக்கத்திலேயே கைக்கருவிகளுக்கு நாக்தேவி தெரு. தலைச்சுமையாளரும் கைவண்டியும் ஸ்கூட்டரும் ஒருசேர மோதும் இவ்வீதிகளில் நடப்பதே ஒரு பயிற்சி. லோகார் சாலில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வாங்கினோம்.

இந்த ஆர்.சி.சி.பி. என்னும் சிறு பெட்டியின் வேலை மிக எளிமையானது. செல்லும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால், எங்கோ ஒழுகுகிறது, ஒருவேளை மனித உடல் வழியாக என்று கொண்டு, நொடியில் ஒரு சிறு பங்கில் இணைப்பை வெட்டிவிடும். எனினும் அதற்கும் எல்லையுண்டு. ஒரு கையால் லைனையும் மறு கையால் நியூட்ரலையும் ஒருவர் பிடித்தால், ஒழுக்கு எதுவும் இல்லை. அவர் வெறும் விளக்கு என்றே அது எண்ணிக்கொள்ளும். அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை செய்தனர் என்றார் மாமா.

நாக்தேவி தெருவில் ஒரு வெட்டுக் குறடு, ஒரு மூக்குக் குறடு, திருப்புளிகள் ஒரு கட்டு, மேசையில் பொருத்தும் சிறு பட்டறைப் பிடி ஆகியவை. குறடுகளில் மலிவு பார்க்கலாகாது. வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடையே ஒளிக்கீற்று தெரியக்கூடாது என்பது சோதனை. நாலு கடை ஏறி இறங்கிய பின்பே அப்படி ஒன்று அகப்பட்டது.

மேசையை எங்கள் தெருத் தச்சரே செய்தார். பால்கனியின் குறுக்குச் சுவர் முழுவதும் அடைத்தாற்போல் மூன்றரை அடி நீளம், இரண்டடி அகலம், பத்தொன்பது மில்லிமீட்டர் பலகை, தரையிலிருந்து முப்பது அங்குல உயரம். மேலே வெப்பம் தாங்கும் ரப்பர் விரிப்பு. உலோகத் தகடு வேய்ந்த மேசை பார்வைக்கு அழகு. ஆயினும் மின்சார வேலைக்கு அது ஆகாது. விளக்கை இடப்பக்கமும் எதிரேயும் ஒவ்வொன்று வைத்தோம். கையின் நிழல் வேலையின்மேல் விழாது. மஞ்சள் ஒளியில் ரெஸிஸ்டரின் பழுப்பு, சிவப்பு, செம்மஞ்சள் வளையங்களைப் பிரித்தறிய முடியாமையால், வெள்ளொளியே கொண்டோம்.

அறுநூறு ரெஸிஸ்டர்களை எதில் வைப்பது? கடைகளில் இழுப்பறைப் பெட்டிகள் அழகழகாய் விற்கின்றன. எங்கள் வீட்டில் கையோரம் உடைந்துபோன ஓர் அஞ்சறைப் பெட்டி இருந்தது. கடுகும் மிளகும் சீரகமும் இருந்த அறைகளில் டிரான்ஸிஸ்டரும் டயோடும் குடிபுகுந்தன. இனி அது சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதற்காக மூடியில் சிவப்பு வண்ணம் பூசிவிட்டோம். ரெஸிஸ்டர்களைச் சிறு தாளுறைகளில் இட்டு, மதிப்பு எழுதி, நூலகச் சீட்டுப்போல் ஒரு செருப்புப் பெட்டியில் நிறுத்திவைத்தாள் மகள். தேடாமல் எடுக்க முடிகிறது, வேறென்ன வேண்டும்?

இந்நகரின் மழைக்காலத்துக்கென்று ஒரு கவலையும் உண்டு. ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கும் ஈரமும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து, பாகங்களின் கால்களை மங்கச் செய்கின்றன. மங்கிய காலில் பற்று ஒட்டாது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டிகளில் இட்டு, அவ்வப்போது சூடாக்கி உலர்த்திக்கொள்ள வேண்டும். தில்லியிலும் நாகபுரியிலும் வாழும் நம் அன்பர்களுக்கு நேர்மாறான தொல்லை. அங்கு வறண்ட குளிர்காலத்தில் உடலில் நிலைமின்சாரம் ஏறி, தொட்ட மாத்திரத்தில் நுண்ணிய சில்லுகளைக் கெடுத்துவிடும். மணிக்கட்டுப் பட்டை அணிந்து எர்த்துடன் இணைத்துக்கொள்வது அவர்களுக்கு அவசியம். அப்பட்டையினுள்ளே ஒரு மெகா ஓம் ரெஸிஸ்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குக. அது அணிந்தவரின் உயிர்க்காப்பு.

மாமா தம் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒரே பொருள் 'சீரீஸ் போர்டு'. ஒரு மரப்பலகை, ஒரு பல்பு மாட்டும் குழி, ஒரு பிளக்கு. பழுதான கருவியை நேராக மின்சாரத்தில் இணைக்காமல் 100 வாட் இழை பல்பு வழியாக இணைப்பது இதன் தந்திரம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரியும். எவ்வளவு மோசமான பழுதாயினும் 0.43 ஆம்பியருக்கு மேல் ஓடாது. எதுவும் வெடிக்காது, கருகாது. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் கருவி பெரும்பாலும் நலம். இக்காலத்து எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழை பல்புதான் வேண்டும். கிடைக்கும்போதே இரண்டு வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். பல்லாயிரம் ரூபாய்க் கருவிகள் செய்யாத தொண்டை இப்பலகை செய்வதைக் கண்டோம். எனினும் இது கருவியைக் காக்குமேயன்றி, தொடும் கையைக் காக்காது.

இரண்டாம் வாரமே அதற்கு வேலை வந்தது. பக்கத்து வீட்டு அம்மையார் தொலைக்காட்சிப் பெட்டியின் மின்பலகையைக் கொண்டுவந்தார். புதியது வாங்கச் சொல்லிவிட்டார்களாம் கடையில். மகள் முதலில் பெரிய கெபாசிடரின் மின்னழுத்தத்தைத்தான் அளந்தாள். 230 வோல்ட் மின்சாரத்தைத் திருத்தினால் அங்கே 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கக்கூடும். திருப்புளியால் தொட்டு வெடிக்கவைக்காமல், ரெஸிஸ்டர் வழியாக மெல்ல வடித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். உச்சி உப்பிய இரண்டு கெபாசிடர்களை மாற்றியபின், சீரீஸ் போர்டில் பல்பு ஒருமுறை மின்னி அடங்கிற்று. மாமா பின்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தாரே தவிர, ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஓய்வு பெற்றபின் அவர் முகத்தில் அத்தகைய நிறைவை நாங்கள் கண்டதில்லை.

இப்போது அம்மேசையைப் பற்றி எங்கள் வீட்டில் உள்ள விதிகள் சில. எழுந்திருக்கும்போது கோலின் சுவிட்சு அணைந்திருக்க வேண்டும். வீட்டில் வேறு எவரும் இல்லாத நேரத்தில் மெயின் மின்சாரத்தைத் தொடும் வேலை கூடாது. கழிவுப் பலகைகளும் பழைய லித்தியம் மின்கலங்களும் தனித் தகரப் பெட்டியில் சேரும். அவை குப்பைக்காரரிடம் போகாமல், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே போகும். கழிவுப் பலகைகளைப் பொறுத்தவரை 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளும் அதனையே வேண்டுகின்றன. குழந்தை பால்கனிப் பக்கம் வராதிருக்க ஓரடி உயரத் தடுப்பு ஒன்றும் இட்டுள்ளோம். அவன் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கப் பழகினான்.

லாமிங்டன் சாலைக்குப் போக விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமை முற்பகல் நல்லது, மாலையில் கூட்டம் தாங்காது. வேண்டிய பொருள்களை எண்களுடன் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்க. ரசீது கேட்டு வாங்குக. மழைநாளில் செல்வோர் பாகங்களைச் சுற்ற ஒரு தடித்த பிளாஸ்டிக் பையும், மாடிப்படிகளுக்கு ஒரு கைவிளக்கும் மறவாமல் கொண்டுசெல்க.